தெற்கே சுற்றி வந்த பிராங்க்பர்ட் விமானம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது சங்கீதா எதிரே வந்தாள். நான் ஓய்வு பெற்ற வருடம் எங்கள் பிரிவில் சேர்ந்தவள். இப்போது ஒரு ஷிப்டையே அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மீன் பையைக் காலடியில் வைத்துவிட்டு, அங்கேயே ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கி உட்கார்ந்தோம்.

“அக்கா, புது சிஸ்டம் வந்துருச்சு. ஒரு பிளான் கேட்டா அஞ்சு குடுக்குது. ரூட், ஃபியூல், டைம் எல்லாம் ரெடி. நாங்க செலக்ட் பண்ணா போதும்லா.”

“நல்லதுதானே. எங்களுக்குக் கிடைக்காம போச்சு.”

“நல்லதுதான். ஆனா எங்க டிபார்ட்மென்ட் மலர் ஒண்ணு போடறாங்க. உங்ககிட்ட ஒரு கட்டுரை வாங்கச் சொன்னாங்க. அந்த பிராங்க்பர்ட் ஃப்ளைட் கதைய எழுதிக் குடுங்க. ஆளாளுக்குப் பாதிதான் சொல்றாங்க. ஒருத்தர் இதயம் வந்துச்சுங்கறாரு, இன்னொருத்தர் கிட்னிங்கறாரு.”

இதயமும் இல்லை, கிட்னியும் இல்லை. அதற்காகவாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியாட்களுக்கு என் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்களை டிஸ்பேட்சர் என்பார்கள். ஒரு விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, அது எந்த வழியாகப் போகும், எவ்வளவு எரிபொருள் வேண்டும், எவ்வளவு எடை ஏற்றலாம், எப்போது போய்ச் சேரும் என்று கணக்கிட்டுக் கேப்டனுக்குக் கொடுப்போம். அவர் ஒப்புக்கொண்டால்தான் விமானம் நகரும். அது தரையிறங்கும்வரை எங்களில் ஒருவர் அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார். நாங்கள் விமானத்தில் ஏறுவதில்லை. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருப்போம்.

பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருப்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. எடைக் கணக்குப் போடுகிறேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, சென்னைக்குக் கிளம்பும் ஒவ்வொரு குடும்பமும் கதவைத் தட்டும். “விமலாக்கா, அஞ்சு கிலோதான் கூட இருக்கு, கொஞ்சம் பாத்து விடச் சொல்லுங்களேன்” என்பார்கள். நான் பெட்டி எடை போடுகிறவள் இல்லை என்று சொன்னால், உதவ மனமில்லாமல் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வேலைக்கு நான் வந்தது தற்செயலாகத்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ஒரு விமான நிறுவனத்தில் அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலில் என் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்த ஒருவர், “வேற ஒரு டிபார்ட்மென்ட் இருக்கு, டிரை பண்றியா?” என்றார். வானிலை, வரைபடம், விமானச் சட்டம், எடைக் கணக்கு என்று படிப்பும் தேர்வுமாக ஆரம்ப வருடங்கள் ஓடின. பூன் லேயிலிருந்து சாங்கி விமான நிலையம் என்றால் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் மடியில் புத்தகத்தை வைத்துத்தான் பாதிப் படிப்பைப் படித்தேன்.

உரிமம் கையில் வந்த பிறகு என்னை ஹாஜா சாரின் ஷிப்டில் போட்டார்கள். முழுப் பெயர் ஹாஜா முகைதீன். அவருடைய அப்பா கடையநல்லூரிலிருந்து வந்தவர். சார் பிறந்து வளர்ந்தது இங்கே தஞ்சோங் பகாரில். அறையில் எல்லாரும் இருக்கும்போது ஆங்கிலம் மட்டுமே பேசுவார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் தமிழ். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்தத் திட்டத்தைக் கொடுத்தாலும் கீழேயிருந்து மேலே படிப்பார். தரையிறங்கும்போது டாங்கியில் எவ்வளவு எரிபொருள் மிச்சமிருக்கும் என்பது கடைசியில் இருக்கும். முதலில் அதைப் பார்ப்பார். பிறகு அது ஏன் அவ்வளவு என்று ஒவ்வொரு வரியாக மேலே ஏறிக்கொண்டே போவார். தூரம், நேரம், பாதை எல்லாம் அவர் கண்ணில் படுவது கடைசியாகத்தான். திருப்தியாக இருந்தால் “சரி” என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

அவரிடம் நான் கொண்டுபோன முதல் நீண்ட திட்டம், தோக்கியோவிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு. உலக உருண்டைமேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எது மிகக் குறுகிய பாதையோ, அதையே போட்டிருந்தேன். இன்றைக்கும் வலைப்பக்கங்களில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் வருகிறதே தூரம், அது அந்த நூலின் நீளம்தான். சார் கீழேயிருந்து மேலே வந்து, பாதை இருந்த வரியில் நின்றார்.

“இது யாருக்கு ஷார்ட்?”

“ஃப்ளைட்டுக்குத்தான் சார்.”

“ஃப்ளைட் தரையிலயா போகுது?”

காற்றின் வரைபடத்தை எடுத்து என் முன் வைத்துவிட்டுப் போய்விட்டார். பசிபிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. என் பாதை அதற்கு வெளியே இருந்தது. சில நூறு கிலோமீட்டர் கூடுதலாகப் போய் அந்தக் காற்றுக்குள் நுழைந்தால், விமானம் முன்கூட்டியே போய்ச் சேருகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது. மறுபடி கணக்குப் போட்டு எடுத்துப்போனேன். “சரி” என்றார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

இனி பிராங்க்பர்ட் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது.

நோன்பு மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. பிற்பகல் ஷிப்டில் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தவற்றில் ஒன்று, பிராங்க்பர்ட்டிலிருந்து மதியம் கிளம்பி மறுநாள் காலை சிங்கப்பூர் வரும் விமானம். தூரம் பத்தாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் சொச்சம், நேரம் பன்னிரண்டு மணிக்குச் சற்று மேல். வருடக்கணக்காகப் போட்ட திட்டம். முடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தபோதுதான் அறையில் தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்க ஆரம்பித்தன. மேற்காசியாவில் இரண்டு நாடுகளுக்கு இடையே இருந்த பதற்றம் முற்றி, எங்கள் வழக்கமான பாதையில் இருந்த ஒரு நாடு தன் வான்வெளியை மூடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாடும் மூடியது.

மிச்சமிருந்தது தெற்கு வழி. எகிப்து, செங்கடல், அரபு நாடுகளின் தென்முனை, அரபிக்கடல், தென்னிந்தியா, வங்கக் கடல் என்று சுற்றி வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதல். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே பறக்கும் எல்லா நிறுவனங்களும் அதே குறுகிய வழியில்தான் நுழையப் பார்த்தன. எங்கள் கணினியில் அப்போது அந்தப் பாதை முழுதாகப் பதிவாகியிருக்கவில்லை. துண்டு துண்டாக நானே கோத்தேன்.

கோத்து முடித்தால் எடை இடித்தது. நீண்ட பயணத்தில் ஒரு டன் எரிபொருளைக் கூடுதலாக ஏற்றினால், அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏற்றியதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும். அதற்கும் சேர்த்து ஏற்ற வேண்டும். விமானத்தில் இருக்கைகள் நிறைந்திருந்தன, அடித்தளத்தில் சரக்கும் நிறைந்திருந்தது. இவ்வளவு எரிபொருளோடு அது மேலே எழும்ப அனுமதியில்லை. சுலபமான தீர்வு, வழியில் ஓரிடத்தில் இறங்கி நிரப்பிக்கொள்வது. அன்று எல்லாரும் அதையே செய்தார்கள். நானும் அப்படியே போட்டுவிட்டு, பிராங்க்பர்ட் நிலையத்தில் எங்கள் பொறுப்பாளராக இருந்த ரேவதிக்குத் தகவல் அனுப்பினேன். அவள் சிங்கப்பூர்ப் பெண், யீஷூனில் வளர்ந்தவள். உடனே கூப்பிட்டாள்.

“விமலாக்கா, ஸ்டாப் போட்டுட்டீங்களா?”

“வேற வழி இல்ல ரேவதி. வெயிட் தாண்டுது.”

“இறங்கற ஊர்ல எவ்வளவு நேரம் ஆகும்?”

“இன்னிக்கு எல்லா ஃப்ளைட்டும் அங்கதான் இறங்குது. கியூ எப்படின்னு சொல்ல முடியாது. லேட் ஆச்சுன்னா குரூவோட வேலை நேரம் முடிஞ்சிரும். அப்புறம் ஒரு நைட் அங்கதான்.”

 அவள் சொன்னாள். “ஒரு பேசஞ்சர் இருக்காரு, மிஸ்டர் ஓங். ரிட்டயர்ட் டீச்சர், வாலண்டியரா வந்திருக்காரு. கையில ஒரு நீலப் பெட்டி. எக்ஸ்ரேயில போடக் கூடாதுன்னு பேப்பர் காட்டினாரு, அதுலதான் எனக்கே தெரியும். உள்ள எலும்பு மஜ்ஜை. இங்க யாரோ குடுத்திருக்காங்க. சிங்கப்பூர்ல ஒரு பேஷண்ட்டுக்கு.”

“அடுத்த ஃப்ளைட்ல…”

“நேத்தே வரவேண்டியவருக்கா. புயல்ல ரயில் பாதையில மரம் விழுந்து ஃப்ளைட்ட விட்டுட்டாரு. ஹாஸ்பிட்டல்லேருந்து எனக்குப் போன் வந்துச்சு. பேஷண்ட்டோட சொந்த மஜ்ஜைய மருந்து குடுத்து ஏற்கெனவே அழிச்சுட்டாங்களாம். இது உள்ள போனாத்தான் உண்டு. டாக்டர் சொன்ன டைம்ல பாதிக்கு மேல போயிருச்சு. இந்த ஃப்ளைட் நேரா வந்தா ஓகே. எங்கயாவது ஒரு நைட் மாட்டினா, தெரியாதுங்கறாங்க.”

போனை வைத்துவிட்டுத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ ஆயிரம் விமானங்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரிந்ததில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. இப்போது, எங்கோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் முகம் தெரியாத ஓர் ஆள் காத்திருப்பது தெரிந்துவிட்டது.

கண் ஒரு வரியில் போய் நின்றது. சிங்கப்பூரில் அதிகாலையில் சில நாள் சுமத்ரா பக்கமிருந்து ஒரு புயல்மழை வரும். அதற்குப் பெயரே சுமத்ரா. மேற்கில் நுழைந்து, எங்கள் தீவைக் குறுக்காகக் கடந்து, கிழக்கே போகும். அது கடக்கும்வரை எந்த விமானமும் இறங்க முடியாது. மேலே வட்டமிட வேண்டும். மறுநாள் காலை அது வரலாம் என்று வானிலை அறிக்கையில் இருந்ததால், வட்டமிடுவதற்கென்று கொஞ்சம் எரிபொருள் சேர்த்திருந்தேன். விதிப்படி அது கட்டாயமில்லை. என் கணிப்பில் வைத்தது. அதை எடுத்துவிட்டு, கொஞ்சம் சரக்கையும் இறக்கினால், எங்கும் நிற்காமல் வந்துவிடலாம்.

எடுத்தேன். புதுத் திட்டத்தை ஹாஜா சாரிடம் கொண்டுபோனேன். அவர் நோன்பில் இருந்தார். உதடு காய்ந்திருந்தது. வழக்கம்போல் கீழேயிருந்து ஆரம்பித்தார்.

“இங்க ஒண்ணு குறையுதே.”

“சுமத்ராவுக்கு வச்சத எடுத்துட்டேன் சார்.”

“ஏன்?”

சொன்னேன். ரேவதி சொன்ன எல்லாவற்றையும், ஒன்றும் விடாமல். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

“பெட்டி இல்லேன்னா எடுத்திருப்பியா?”

“இல்ல சார்.”

“அப்போ திரும்ப வை.”

 அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னார். அறை முழுக்க ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் தமிழிலேயே பேசினார்.

“உள்ள முந்நூறு பேர் வர்றாங்க. அந்தப் பெட்டி அவங்களுக்குத் தெரியாது. தொடக் கூடாதத பெட்டிக்காகத் தொடாத. மத்தது எல்லாத்தையும் தொடு. சரக்க இறக்கு, ரூட்ட மாத்து. யார்கிட்ட பேசணும்னு சொல்லு, நான் பேசறேன்.”

அதன் பிறகு நாங்கள் இருவரும் அந்தத் திட்டத்தை அவிழ்த்து மறுபடி கட்டினோம். எங்களிடம் ஒரு முறை இருந்தது. அந்தப் பாதைக்கு அதை யாரும் பயன்படுத்தியதில்லை. காகிதத்தில் விமானம் வழியில் மலேசியாவில் இருக்கும் பினாங்குக்குப் போவதாகவே கிளம்பும். வங்கக் கடலின் மேல் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே வந்ததும் கேப்டன் எரிபொருள் மிச்சத்தைப் பார்ப்பார். சிங்கப்பூர் வரை வந்து, சுமத்ராவுக்காகக் காத்திருந்து, அப்படியும் முடியாவிட்டால் வேறிடம் போகவும் போதுமான அளவு இருந்தால் சிங்கப்பூர். இல்லையென்றால் எந்தப் பேச்சுமில்லாமல் பினாங்கு. எதிர்பாராத செலவுக்கென்று முழுத் தூரத்துக்கும் சுமக்க வேண்டிய எரிபொருளில் ஒரு பகுதி இதனால் குறையும். பாதுகாப்பு ஒரு சொட்டும் குறையாது.

பினாங்கில் இறங்க நேர்ந்தால் மிஸ்டர் ஓங்கை அடுத்த விமானத்தில் ஏற்ற, காலையில் அங்கிருந்து சிங்கப்பூர் வரும் விமானம் ஒன்றில் ஓர் இடமும் பிடித்து வைத்தார் சார். அரை நாள் போகும். இருந்தாலும் ஓர் இரவு போவதற்கு அது தேவலை.

சரக்குப் பிரிவு அதிகாரி தொலைபேசியில் குதித்தார். இயந்திர பாகங்களாம், தொழிற்சாலை காத்திருக்கிறதாம், யார் பதில் சொல்வது என்றார். சார் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். அவர் முடித்ததும், “உங்க கஷ்டம் புரியுது. இறக்கிடுங்க” என்றார். அதிகாரி மறுபடி ஆரம்பித்தார். சார் மறுபடி கேட்டார். மறுபடி அதே குரலில் அதையே சொன்னார். இப்படியே போய், கடைசியில் அந்தப் பக்கம்தான் களைத்தது.

அப்படியும் சில நூறு கிலோ இடித்தது. ரேவதியைக் கூப்பிட்டேன்.

“ஸ்டாஃப் டிக்கெட்ல யாராவது இருக்காங்களா?”

நிறுவன ஊழியர்களின் குடும்பத்தார் சலுகைச் சீட்டில் வருவார்கள். எடை இடித்தால் முதலில் இறங்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அதை ஒப்புக்கொண்டுதான் அந்தச் சீட்டையே வாங்குவார்கள்.

ரேவதி தயங்கினாள். “மூணு பேர்க்கா. அதுல ஒண்ணு… சாரோட பொண்ணு ஆயிஷா. பெருநாளுக்கு வர்றா.”

ஆயிஷா அங்கே மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சாரைப் பார்த்தேன்.

“சார், ஸ்டாஃப் டிக்கெட் மூணு. ஆயிஷாவும் இருக்கா.”

“தெரியும்.”

“வேற ஏதாவது…”

“ஸ்டாஃப் டிக்கெட்னா ஸ்டாஃப் டிக்கெட்தான், விமலா. மூணு பேரையும் இறக்கச் சொல்லு.”

சொன்னேன். சார் தன் பேனாவை மறுபடி திறந்து, கடைசி முறையாகத் திட்டத்தைப் படித்தார். கீழேயிருந்து மேலே. நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் எங்கும் நிற்கவில்லை. “சரி” என்றார்.

கேப்டன் டான் பிராங்க்பர்ட்டிலிருந்து பேசினார். வங்கக் கடல் புள்ளியைப் பற்றியும் பினாங்கின் வானிலையைப் பற்றியும் நுணுக்கமாகக் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். விமானம் தாமதமாகத்தான் கிளம்பியது. அது ஓடுபாதையை விட்டு எழுந்த செய்தி திரையில் வந்தபோது, இங்கே நோன்பு திறக்கும் நேரம் தாண்டிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. சார் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒன்று கொடுத்தார்.

என் ஷிப்டு முடியும் நேரம். அடுத்து உட்கார வேண்டியவன் ரோஸ்லி, மலாய்க்காரப் பையன், கெட்டிக்காரன். எல்லாவற்றையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டு, “நான் இருக்கேன் சார்” என்றேன்.

“வீட்டுக்குப் போ.”

“மனசு கேக்காது சார்.”

“உன் கணக்கு சரியா இருந்தா நீ இங்க இருக்க வேண்டியதில்ல. தப்பா இருந்தா, தூக்கக் கலக்கத்துல நீ உக்காந்திருந்து என்ன செய்வ? ரோஸ்லி தூங்கிட்டு ஃப்ரெஷ்ஷா வந்திருக்கான். அவன நம்பு.”

போனேன். என் கணவர் சாப்பாட்டைச் சூடாக்கி வைத்தார். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

காலையில் எனக்கு வேலை இல்லை. இருந்தாலும் விடியும் முன்பே கிளம்பிவிட்டேன். பூன் லே நிலையத்துக்கு நடக்கும்போது மேற்கே வானம் கறுத்துத் தடித்திருந்தது. காற்று திடீரென்று குளிர்ந்தது. பிளாட்பாரத்துக்கு ஏறுவதற்குள் மழை அடித்துக் கொட்டியது. சுமத்ரா வந்துவிட்டது. ரயிலும் மழையும் ஒன்றாகவே கிழக்கே போயின. குவீன்ஸ்டவுன் வந்தபோது ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. தஞ்சோங் பகாரில் ஈரக் குடைகளோடு ஆட்கள் ஏறினார்கள். சுரங்கத்தை விட்டு மறுபடி வெளியே வந்தபோது தரை காய்ந்திருந்தது. மழையை முந்திவிட்டோம். ஆனால் அது பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

அலுவலகத்தில் ரோஸ்லி கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான். தெற்கு வழியில் நெரிசல் அதிகமானதால், விமானத்தை வெகுநேரம் தாழ்வான உயரத்திலேயே வைத்திருந்தார்களாம். தாழ்வாகப் பறந்தால் எரிபொருள் கூடுதலாகப் போகும். அரபிக்கடலில் கணக்கு கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ரோஸ்லி காற்றின் புதிய நிலவரத்தைப் பார்த்து, எந்த இடத்தில் எந்த உயரம் கேட்டால் கிடைக்கும், கிடைத்தால் எவ்வளவு மீளும் என்று ஒவ்வொன்றாகக் கேப்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். தென்னிந்தியாவைத் தாண்டும்போது உயரம் கிடைத்தது. வங்கக் கடல் புள்ளியில், வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கேப்டன் டான் ஒற்றை வரியில் செய்தி அனுப்பியிருந்தார். சிங்கப்பூர் வருகிறேன் என்று.

நான் ரோஸ்லியின் தோளைத் தட்டினேன். அதற்குள் சுமத்ரா சாங்கிக்கு வந்துவிட்டது. கூரைமேல் மழை அடிப்பது ஜன்னல் இல்லாத அந்த அறையிலும் கேட்டது. திரையில் எங்கள் விமானம், இன்னும் பல விமானங்களோடு, தெற்கே கடல்மேல் வட்டம் போட ஆரம்பித்தது. ஒரு வட்டம், இரண்டு வட்டம். நேற்று நான் எடுத்துவிட்டு மறுபடி வைத்த எரிபொருள்தான் அங்கே எரிந்துகொண்டிருந்தது.  ஹாஜா சார் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

மழை கிழக்கே கடந்தது. விமானங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எங்களுடையதும் இறங்கியது.

“போய்ப் பாத்துட்டு வா” என்றார் சார்.

விமானம் வந்து நிற்கும் வாயிலில் போய் நின்றேன். மிஸ்டர் ஓங்கை முதல் ஆளாக இறக்கிவிட்டார்கள். குட்டையான மனிதர், கசங்கிய சட்டை, இரண்டு கையாலும் பிடித்த நீலப் பெட்டி. ஓடி வருவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாக, ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறவர் மாதிரி நடந்து வந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் நின்றார். குலுக்கக் கை இல்லாததால் தலையைக் குனிந்தார். வழியெல்லாம் தூங்கவில்லை என்றார். கழிவறைக்குப் போனபோதும் பெட்டியோடுதான் போனாராம். கடைசியில் வட்டமிட்டபோது மட்டும், இது ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று பயமாக இருந்ததாகச் சொன்னார். “காத்திருந்து இறங்குவதற்குப் போதுமான எரிபொருள் இருந்தது” என்றேன். வெளியே மருத்துவமனை ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்களோடு போய்விட்டார். அந்தப் பெட்டி யாருக்குப் போனது என்பது அவருக்கும் தெரியாது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரை ஒருவர் அறியக் கூடாது என்பது விதி. மஜ்ஜை நேரத்தோடு வந்து சேர்ந்தது, அன்றே ஏற்றியாகிவிட்டது என்று மட்டும் மருத்துவமனையிலிருந்து ரேவதிக்கு ஒரு செய்தி வந்தது.

ஆயிஷாவுக்குப் பெருநாளுக்கு முன் இடம் கிடைக்கவில்லை. பெருநாள் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். அந்த வார இறுதியில் நானும் என் கணவரும் தஞ்சோங் பகாரில் சார் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி பிரியாணியும் ரெண்டாங் இறைச்சியும் எடுத்து வைத்தார். ஆயிஷா எங்களோடு நன்றாகப் பேசினாள், அப்பாவோடு பேசவில்லை. சார் தொழப் போன நேரத்தில் என்னிடம் கொட்டித் தீர்த்தாள்.

“ஆன்ட்டி, போர்டிங் பாஸ் கையில குடுத்துட்டு, அப்புறம் இறக்கி விட்டாங்க. அத்தாவுக்குப் போன் பண்ணா, ‘அடுத்ததுல வா’ன்னு வச்சுட்டாரு. ஒரு சாரி கூட இல்ல. பெருநாள் அன்னிக்கு ஏர்போர்ட் ஹோட்டல்ல பிரெட் சாப்பிட்டேன். ஒன் இயர் வெயிட் பண்ணேன், யூ நோ?”

“ஏன்னு சொல்லலியா?”

“வெயிட் ப்ராப்ளம்னாரு. அவ்வளவுதான்.”

வீட்டில்கூட அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். நீலப் பெட்டி, ரயில் பாதையில் விழுந்த மரம், கட்டிலில் படுத்திருந்த ஆள், எல்லாவற்றையும். அவள் தட்டில் விரலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

“அந்த ஆள் இப்ப எப்படி இருக்காரு ஆன்ட்டி?”

“தெரியாது. சொல்ல மாட்டாங்க.”

சார் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆயிஷா எழுந்து போய், அவர் தட்டில் ஒரு துண்டு ரெண்டாங் எடுத்து வைத்தாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த விடுமுறையிலேயே ஆயிஷா மஜ்ஜை கொடுப்பவர்களின் பதிவேட்டில் தன் பெயரைச் சேர்த்தாள் என்று பிறகு தெரிந்தது. வாய்க்குள் ஒரு பஞ்சுக் குச்சியைத் தடவிக் கொடுத்தால் போதுமாம். என் வயது தாண்டிவிட்டது என்று என்னைச் சேர்க்க மறுத்தார்கள். என் மகள் சேர்ந்தாள். ரோஸ்லியும் எங்கள் பிரிவின் இளையவர்கள் பலரும் சேர்ந்தார்கள். பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுளுக்கும் அழைப்பு வராது என்று அங்கே சொன்னார்கள். என் மகளுக்கு இன்றுவரை வரவில்லை.

ஹாஜா சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். நான் வேலையில் இருந்த கடைசி மாதங்களில், ஒரு காலை ஷிப்டு நடுவே அவர் பெயர் என் கைபேசியில் வந்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை அவர். பதறிப்போய் எடுத்தேன்.

“சார், எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கோம். ஹாஸ்பிட்டல்ல இருக்கேன். ஆயிஷாவக் கூட்டிட்டு வந்தேன்.” படிப்பு முடிந்து அவள் அப்போது சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். “அவளக் கூப்பிட்டாங்க, விமலா. யாருக்கோ மேட்ச் ஆயிருக்கு. இன்னிக்கு எடுத்துட்டாங்க. அவ தூங்கறா.”

 அவர் தொடர்ந்து பேசினார். குரல் வழக்கம்போல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் நடுவில் ஓரிடத்தில் நின்று, மறுபடி தொடங்கியது.

“ஒரு அம்மா வந்து பெட்டிய வாங்கிட்டுப் போனாங்க. இப்பத்தான் லிஃப்ட்ல இறங்கினாங்க. எந்த ஊருக்குன்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாங்க.”

“நீங்களா கேட்டீங்க சார்?”

“கேட்டுட்டேன். தூரம் தெரியாம நமக்கு உக்கார முடியாதே.”

“ரொம்ப தூரமா இருக்குமோ சார்?”

“இருக்கட்டும்” என்றார் ஹாஜா சார். “நம்மள மாதிரி யாராவது கொண்டுபோய்ச் சேத்துருவாங்க.”